ஊசியின் காதும் நூலின் நுனியும்

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவருக்குப் பெரிய தத்துவச் சொற்களைவிடச் சிறிய பொருள்களின் பெயர்களே அதிக வேலை வைக்கும். ஊசியின் தலையிலுள்ள துளையை ஆங்கிலேயர் கண் என்றனர். நாம் காது என்கிறோம். ஊசிக்கண் என்று சொல்வாரும் நம்மிடையே உண்டு. இந்தி பேசுவோர் அதை நாக்கா என்பர். எப்பெயரிட்டு அழைத்தாலும், நாற்பது வயதைக் கடந்தவர்க்கு அது நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே போவதாகத் தோன்றுகிறது. ஊசி சிறுக்கவில்லை, நம் கண்ணினுள் இருக்கும் வில்லை தன் நெகிழ்ச்சியை இழந்து, அருகிலுள்ள பொருளைத் தெளிவாகக் காட்டும் ஆற்றலைச் சிறிது சிறிதாகக் கைவிடுகிறது. இதையே நம் முன்னோர் வெள்ளெழுத்து என்றனர்.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் மக்களோடு வந்து தங்கியிருக்கும் நம் தாய்மார்கள் பலர், ஊரில் இருந்தவரை ஓயாமல் தைத்துக்கொண்டிருந்தவர்கள். இங்கு வந்தபின் அந்த வேலையை அவர்கள் விட்டுவிட்டதற்குக் காரணம் கேட்டால், கை நடுக்கம் என்றோ மனமில்லை என்றோ சொல்வதில்லை. "நூல் கோக்க முடியவில்லை" என்பார்கள். தையல் தெரியும்; விரல்களும் வேலை செய்யும்; ஆயினும் பேத்தி பள்ளியிலிருந்து திரும்பும் வரை ஊசியும் நூலும் தனித்தனியே காத்திருக்க வேண்டியிருக்கிறது. அண்டை வீட்டாரோடு பேச மொழியும் பழகாத ஓர் ஊரில், பகற்பொழுதுக்குத் துணையாயிருந்த கைத்தொழில் இப்படி நழுவிப் போவது சிறிய இழப்பன்று. ஆகையால் எளிதில் நூல் கோக்கக்கூடிய ஊசியை எவ்வாறு தெரிந்தெடுப்பது என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

ஊசி உருவாகும் முறையை முதலில் அறிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். எஃகுக் கம்பியை இரண்டு ஊசிகளின் நீளத்திற்கு வெட்டி, இரு முனைகளையும் கூராகத் தீட்டுவர். பின்னர் நடுப்பகுதியைத் தட்டையாக அழுத்தி, அங்கே இரண்டு காதுகளைத் துளைத்து, நடுவில் ஒடித்து இரண்டாக்குவர். அதன்பின் சூடேற்றிக் குளிர்வித்துக் கடினமாக்கி, மீண்டும் மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்தி, மெருகிட்டு, நிக்கல் பூசுவர். காது அழுத்தித் துளைக்கப்படுவதால் அதன் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சற்றே சொரசொரப்பாகவும் அமைந்துவிடுவதுண்டு. ஒரு பக்கமாக நூல் நுழைய மறுத்தால் ஊசியைத் திருப்பிப் பிடித்து மறுபக்கமாக முயன்று பாருங்கள். பாதி நேரம் இதுவே போதும்.

ஊசித் தொழில் நெடுங்காலம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் தலைமையிடமாகக் கொண்டு நடந்தது. நம் நாட்டில் அத்தொழில் வேரூன்றிய இடங்களுள் ஒன்று நீலகிரி மாவட்டத்துக் கேத்தி. 1949 இல் அமைக்கப்பெற்ற நீடில் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் தொழிற்சாலை அங்கேதான் எழுந்தது. வடநாட்டுக் கடைகளிலும் காணப்படும் போனி என்னும் பெயருள்ள ஊசிகள் அந்நிறுவனத்தைச் சேர்ந்தவை. தில்லி சாந்தினி சௌக்கை அடுத்த கினாரி பஜாரில் பேரம் பேசி வாங்கும் ஊசி, நமக்கு முன்பே நீலகிரியிலிருந்து இரயிலேறி வந்ததாக இருக்கக்கூடும் என்று எண்ணுவதில் ஒரு சிறு மகிழ்ச்சி இருக்கத்தான் செய்கிறது.

இனி எண்ணுக்கு வருவோம். கைத்தையல் ஊசிகளில் எண் பெருகப் பெருக ஊசி மெலியும். 3 ஆம் எண் ஊசி தடித்தது. 10 ஆம் எண் ஊசி மயிரிழை போன்றது. தையல் இயந்திர ஊசிகளில் இம்முறை தலைகீழ். அங்கே 16 ஆம் எண், 11 ஆம் எண்ணைவிடத் தடித்தது. வீட்டில் இயந்திரமும் வைத்துக்கொண்டு கைத்தையலும் செய்வோர் இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்தாவிட்டால், பெரிய எண்ணே பெரிய காது என்று கருதிக் கண்ணுக்கே புலப்படாத ஊசியை வாங்கிவந்து விடுவார்கள்.

எண்ணைவிட முக்கியமானது ஊசியின் இனம். வெறுமனே ஊசி என்று கேட்டால் கடைக்காரர் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது ஷார்ப்ஸ் எனப்படும் சாதாரணத் தையல் ஊசி. அதன் காது சிறியது, உருண்டையானது. பூத்தையலுக்கென்று விற்கப்படும் க்ரூயல் என்னும் ஊசியை எம்பிராய்டரி ஊசி என்றும் சொல்வர். நீளத்திலும் பருமனிலும் அதே எண்ணுள்ள ஷார்ப்ஸ் ஊசியை ஒத்ததே அது. காது மட்டும் நீண்டு ஒடுங்கி இருக்கும். அதாவது துணியில் விழும் துளை ஏறத்தாழ ஒன்றே. நூல் நுழையும் வாயிலோ நீளமானது. இவ்வாறிருக்க, சட்டைப் பொத்தான் தைப்பதற்கும் புடைவையின் ஓரம் மடித்துத் தைப்பதற்கும்கூடப் பூத்தையல் ஊசியையே ஏன் பயன்படுத்தலாகாது? பயன்படுத்தலாம் என்பதே என் கருத்து. இலக்கணப்படி தைக்கும் தையற்கலைஞர்கள் இதை ஏற்கமாட்டார்கள். உருண்டைக் காது நூலை அசையாது பிடித்திருக்கும், நீண்ட காதில் நூல் சற்று வழுகும் என்பது அவர்கள் வாதம். உண்மைதான். ஆனால் கோக்கவே முடியாத ஊசி நூலை எவ்வளவு இறுகப் பிடித்து என்ன பயன்? வீட்டுத் தையலுக்கு 7 அல்லது 8 ஆம் எண் க்ரூயல் ஊசி நன்கு பொருந்தும்.

கம்பளித் துணிகளைப் பழுதுபார்க்க வேறோர் ஊசி உண்டு. தென்னாட்டிலிருந்து வந்த நமக்கு ஸ்வெட்டரின் முழங்கையில் விழும் ஓட்டை புதிய அனுபவம். அதை இழையோட்டி அடைப்பதற்கு டார்னர் என்னும் நீண்ட ஊசி இருக்கிறது. அதன் காதும் நீளமானது, கம்பளி இழை தாராளமாக நுழையும். இதைக் கேட்பதற்கு "மோட்டீ சூயி", அதாவது தடித்த ஊசி, என்று சொன்னால் கடைக்காரர் சூவா ஒன்றை எடுத்து நீட்டுவார். அது மூட்டையும் ரஜாயும் தைக்கும் கருவி. நம் ஊர்க் கோணியூசியின் உடன்பிறப்பு. காது என்னவோ விசாலமானதுதான்; ஆனால் ஸ்வெட்டர் மிஞ்சாது. கம்பளி நூலைக் கையோடு எடுத்துச் சென்று காட்டிக் கேட்பது நலம்.

சொல் வந்துவிட்டதால் இதையும் கூறிவிடுகிறேன். இந்தியிலும் மராத்தியிலும் ஊசிக்குப் பெயர் சூயி. குஜராத்தியில் சோய்; வங்காளத்தில் சூச்; கன்னடத்தில் சூஜி; தெலுங்கில் சூதி; மலையாளத்தில் சூசி. நூலுக்கு இந்தியில் தாகா என்பது பொது வழக்கு. எந்த மாநிலத்தில் இருந்தாலும் ஊசி வாங்குவதற்கு மொழி ஒரு தடையாகாது. ஷார்ப்ஸ், க்ரூயல் முதலிய பெயர்கள் மட்டும் எங்கும் ஆங்கிலத்திலேயே உறையின்மீது அச்சாகியிருக்கும். அவற்றை ஒரு சீட்டில் எழுதி எடுத்துச் செல்லலாம்.

நூலுக்கேற்ற காது என்பது அடுத்த செய்தி. காது வழியே செல்லும் நூல் அங்கே இரட்டிப்பாகிறது. அந்த இரட்டை நூல் உராய்வின்றி நுழைய வேண்டுமானால் ஊசியின் உடல் துணியில் போதிய அளவு துளை செய்ய வேண்டும். மெல்லிய ஊசியில் தடித்த நூலைத் திணித்துவிட்டால், தைக்கும்போதெல்லாம் நூல் தேய்ந்து பிசிறி, கடைசியில் அறுந்துபோகும். அறுந்தால் மறுபடி கோக்க வேண்டும். நமக்கோ ஒருமுறை கோப்பதே பெரும்பாடு. ஆகவே கண் மங்கியவர்கள் ஊசியின் எண்ணில் கஞ்சத்தனம் காட்டாமல், துணி இடங்கொடுக்குமானால் ஓர் எண் தடித்ததையே எடுப்பது சரி. ஆறு இழை சேர்ந்த பூத்தையல் நூலில் ஓரிரண்டு இழைகளைப் பிரித்துத் தைப்பதானால் 9 ஆம் எண் க்ரூயல் போதும். மூன்று இழைகளுக்கு 7. ஆறு இழைகளையும் சேர்த்தே தைப்பதானால் 3 அல்லது 4.

மிக எளிதில் நூல் கோக்கக்கூடிய பூத்தையல் எது என்று கேட்டால், இழைகளை எண்ணித் தைக்கும் வகைகளைச் சொல்வேன். அவற்றிற்கு டேபஸ்ட்ரி என்னும் ஊசி உரியது. முனை மழுங்கியிருக்கும், காது பெரிதாய், நீள்வட்டமாய் இருக்கும். துணியின் இழைகளைக் குத்திக் கிழிக்காமல் அவற்றின் இடையே புகுந்து செல்வதே அதன் வேலை. ஓர் அங்குலத்திற்கு 14 கட்டங்கள் கொண்ட ஐடா துணிக்கு 24 ஆம் எண் டேபஸ்ட்ரி ஊசியும், 11 கட்டங்கள் கொண்டதற்கு 22 ஆம் எண்ணும் பொருந்தும். இங்கும் எண் பெருகினால் ஊசி மெலியும்; ஆனால் இதன் எண் வரிசை வேறு, 24 என்றதும் அஞ்சவேண்டியதில்லை. இதே அளவில் கூர்முனையோடு வருவதற்கு ஷெனில் என்று பெயர். நெருக்கமாக நெய்த துணியில் கம்பளி நூலாலோ பட்டு நாடாவாலோ தைக்க அது ஏற்றது.

நம் நாட்டுப் பூத்தையல்களுள் எண்ணித் தைப்பவை பல. நீலகிரித் தோடர்கள் வெண்ணிறப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால் செய்யும் வேலைப்பாடு, சட்டமோ வரைந்த படமோ இன்றி, இழைகளை எண்ணியே செய்யப்படுவது; 2013 இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கருநாடகத்துத் தார்வாடப் பகுதியின் கசூதியும் எண்ணித் தைப்பதே. முன்னும் பின்னும் ஒரே தோற்றம் வரும்படி, முடிச்சே இல்லாமல் அதைத் தைப்பர். பஞ்சாபின் புல்காரியை, முறுக்கேறாத பட்டு நூல் கொண்டு, கதர்த் துணியின் பின்பக்கத்திலிருந்து இழைகளை எண்ணித் தைப்பது மரபு. முறுக்கில்லாத பட்டு நூல் ஊசியின் சிறு காதைக் கண்டால் உடனே சிலிர்த்துக்கொள்ளும்; நீண்ட காது அதற்கு இன்றியமையாதது. பழைய புடைவைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போடும் வங்காளத்துக் காந்தாவுக்கோ ஒன்றன்மேலொன்றாகப் பல அடுக்குகளைத் துளைக்கும் கூர்முனை வேண்டும். அதற்கு மழுங்கிய முனை உதவாது. நீங்கள் வாழும் மாநிலத்தின் தையலையே கற்றுக்கொள்வதாயின் அண்டை வீட்டம்மையாரிடம் முதலில் அவர் கையாளும் ஊசியைக் காட்டச் சொல்லுங்கள். பேச்சு அங்கிருந்து தானே வளரும்.

ஊசியைத் தெரிந்தெடுத்தாயிற்று. கோப்பதிலும் சில நுட்பங்கள் இருக்கின்றன. நூலின் நுனியைப் பல்லால் கடிப்பது நம்மில் பலருக்கு வழக்கம். கடித்த நுனி தட்டையாகிப் பிசிறுபட்டு விரிந்துவிடுகிறது. கூரிய கத்தரியால் சற்றே சாய்வாக வெட்டிய நுனி தானாகவே குவிந்து நிற்கும். கத்தரி மழுங்கியிருந்தால் அதைச் சாணை பிடிப்பது, மூக்குக் கண்ணாடி மாற்றுவதைவிட மலிவான சிகிச்சை. ஈரப்படுத்துவதானால் நூலை நனைக்காமல் ஊசியின் காதைச் சிறிது நனைத்துப் பாருங்கள். நனைந்த நூல் சற்றுப் பருக்கக்கூடும். இன்னொன்று: ஊசியை அசையாது பிடித்து நூலை அதை நோக்கி நீட்டுவதே பழக்கமாகிவிட்டது. அவ்வாறு நீட்டிய நூல் வளைந்து துவளும். இதற்கு மாறாக, நூலின் நுனி மட்டும் இம்மியளவு தெரியும்படி கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே இறுகப் பற்றிக்கொண்டு, ஊசியின் காதை அதன்மேல் கொண்டுவந்து பொருத்துங்கள். நூல் வளைய இடமிராது.

பல இழை கொண்ட நூலுக்கும் கம்பளிக்கும் வேறு வழி. நூலை ஊசியின் உடல்மீது மடித்துப் போட்டு, மடிப்பை இறுக்கி, ஊசியை உருவிவிட்டு, விரலிடையே நிற்கும் அந்த மடிப்பையே காதினுள் அழுத்துவது அது. பிசிறும் நுனி வெளியே இருக்க, வழவழப்பான மடிப்பு உள்ளே போய்விடும்.

கண்ணாடி அணிவோர் செய்யும் ஒரு காரியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊசி தெரியவில்லை என்றதும் அதை மூக்கின் அருகே கொண்டு வருவார்கள். படிக்கும் கண்ணாடி பொதுவாக ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் தொலைவுக்குப் பொருந்தும்படி அமைக்கப்படுவது. அதனினும் மிக அருகே கொண்டுவந்தால் உருவம் கலங்குமே தவிரத் தெளியாது. செய்தித்தாள் பிடிக்கும் தொலைவிலேயே ஊசியையும் பிடித்து, வெளிச்சத்தைப் பெருக்குங்கள். ஒளி மிகுந்தால் கண்ணின் பாவை சுருங்கும். பாவை சுருங்கினால் அண்மையும் சேய்மையும் ஓரளவு ஒன்றுபோல் தெளியும். நண்பகல் வெளிச்சத்தில் சன்னலோரம் அமர்ந்து கோத்துவிடும் நூலை, மாலை விளக்கின்கீழ் கோக்க இயலாமற் போவது இதனாலேயே. கறுப்பு நூலானால் ஊசியின் பின்னே வெள்ளைத் தாளையும், வெள்ளை நூலானால் கறுப்புத் துணியையும் வைத்தால் காதின் துளை எடுப்பாகத் தெரியும்.

இவ்வளவும் செய்தும் இயலாதவர்களுக்கென்றே பிளவுக்காது ஊசி இருக்கிறது. ஆங்கிலத்தில் காலிக்ஸ் ஊசி என்றும், தானே நூல் கோக்கும் ஊசி என்றும் பெயர். இதன் தலையின் உச்சியில் ஆங்கில வி எழுத்தைப் போன்ற பள்ளம் ஒன்றும், அதிலிருந்து காதுக்குச் செல்லும் மெல்லிய பிளவும் உண்டு. நூலைப் பள்ளத்தின்மேல் குறுக்கே வைத்து இரு பக்கமும் இழுத்து அழுத்தினால், பிளவின் வழியே சரேலென்று காதினுள் விழுந்துவிடும். பார்வை முற்றும் இழந்தவர்களும் விரல் உணர்ச்சியால் இதில் நூல் கோத்துவிடுகிறார்கள். காது முறிந்த ஊசி ஒன்று பட்டினத்தாரைத் துறவியாக்கியது என்னும் கதையை நாம் அறிவோம். பிளந்த காதுள்ள இவ்வூசியோ தையலைத் துறந்தவர்களை மீண்டும் இல்லறத்திற்கு அழைத்து வருகிறது!

குறைகளும் இதற்கு உண்டு. பிளவின் விளிம்பு நூலைச் சிறிது உராயும். மென்மையான பட்டு நூல் விரைவில் பிசிறும். வெடுக்கென்று இழுத்தால் நூல் போன வழியே திரும்பி வந்துவிடும். தலை கூர்மையாகப் பிளந்திருப்பதால் ஊசியைத் தள்ளும் விரலைக் குத்தும். தையற்காரர் மாட்டும் அங்குஸ்தானை அணிந்துகொள்வது நல்லது. மெல்லிய மஸ்லினிலும் பட்டிலும் தலை சிக்கி இழையை இழுத்துவிடக்கூடும். பொத்தான் தைக்கவும் கிழிசல் ஒட்டவும் ஓரம் மடிக்கவும் தக்கது. நாட்கணக்கில் நடக்கும் பூவேலைக்கு நான் இதைப் பரிந்துரைக்கமாட்டேன். பிளவு உச்சியில் இல்லாமல் காதின் பக்கவாட்டில் அமைந்த ஊசிகளும் வந்துள்ளன. அவற்றில் விரல் குத்துவது குறைவு.

பூவேலை செய்வோர்க்கும் பிளவுக்காது ஊசி ஓரிடத்தில் பெரிதும் உதவும். வேலை முடியும்போது நூல் மிகக் குறுகிப்போய், ஊசியில் கோத்து உள்ளே செருக வழியின்றி நிற்பதுண்டு. அப்போது நூலின்றியே இவ்வூசியைப் பின்பக்கத் தையல்களின் அடியில் செலுத்தித் தலையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, குட்டை நுனியைப் பிளவில் அழுத்தி, ஊசியை உருவிவிட்டால் நுனி மறைந்துவிடும்.

ஊசியை மாற்ற விரும்பாதவர்கள் நூல் கோக்கும் சிறு கருவியை வாங்கிக்கொள்ளலாம். தகரப் பிடியும் சாய்சதுர வடிவில் வளைத்த மெல்லிய கம்பியுமே அது. கம்பியைக் காதினுள் நுழைத்து, அகன்ற வளையத்தில் நூலை விட்டு, பின்னோக்கி இழுப்பதுதான் முறை. மெல்லிய கம்பியாதலால் தடித்த நூலை இழுத்தால் பிடியிலிருந்து கழன்றுவிடும். கம்பளிக்குத் தகட்டில் கொக்கி வெட்டிய வகை தனியாக இருக்கிறது. மேசைமேல் வைத்து, ஊசியைத் தலைகீழாகக் குழியில் நிறுத்தி, நூலைக் குறுக்கே வைத்து விசையை அழுத்தினால் நூலைத் தானே உள்ளே தள்ளும் கருவியும் கிடைக்கிறது. கை நடுங்குவோர்க்கு அதுவே மேல். ஆனால் ஊசி மிகத் தடித்திருந்தாலும் மிக மெலிந்திருந்தாலும் அது வேலை செய்யாது.

மும்பை, கொல்கத்தா போன்ற கடற்காற்றும் ஈரமும் உள்ள ஊர்களில் இருப்போர் துருவைக் கவனிக்க வேண்டும். துரு முதலில் தாக்குவது கண்ணுக்குத் தெரியாத காதின் உட்புறத்தையே. வெளியே பளபளப்பாக இருக்கும் ஊசி நூலை அறுத்துக்கொண்டே இருக்குமானால், ஒரு துண்டு நூலைக் காதில் விட்டு முன்னும் பின்னுமாகச் சில தடவை இழுத்துப் பாருங்கள். நூல் பிசிறினால் அவ்வூசியை விட்டுவிட வேண்டியதுதான். பூத்தையலைச் சட்டத்திலேயே ஊசியோடு விட்டுவைத்தால் துணியில் துருக்கறை பிடிக்கும். அது எளிதில் போவதில்லை. ஊசிகளைக் கம்பளித் துண்டில் குத்தி மூடிய டப்பியில் வைக்கலாம். வயதான தாயாரோ தகப்பனாரோ தைப்பவராக இருந்தால், காலையில் வேலைக்குப் புறப்படுமுன் ஏழெட்டு ஊசிகளில் வெவ்வேறு நிற நூல்களைக் கோத்து, அதே கம்பளித் துண்டில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுப் போங்கள். நூல் ஒவ்வொன்றும் முழங்கை நீளத்திற்குச் சற்று மேற்பட்டிருக்கலாம். அதற்கு மிஞ்சினால் சிக்கு விழும்.